மீன் கண்ணும் காணாமல் போன மண்டபமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது ஆண்டுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவனிடம் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் நடக்கிற காரியமா? நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற தை மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கூடவே அவன் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் இடையில், சாலையோரமாக இருந்த ஒரு பழைய கல்மண்டபத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள். பெரிய கலைக்கோயில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு கால் மண்டபம். வழிப்போக்கர் இளைப்பாறவும், திருவிழாவில் சாமி இறங்கி நிற்கவும் யாரோ புண்ணியவான் கட்டிவைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தி வளைவை நேராக்கியபோது பிரித்தார்கள். தூண்களில் பாதி ஏரிக்கரையில் கிடக்கின்றன. மீதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

இப்போது ஊரார் சேர்ந்து, மிச்சமிருக்கும் கல்லை வைத்தாவது அதே இடத்தில் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். ‘அதே இடம்’ எது என்பதில்தான் தகராறு. புறம்போக்கில்தான் இருந்தது என்று ஒரு தரப்பு. இல்லை, இப்போது பட்டா நிலமாக வேலி போட்டிருக்கும் இடத்தில் இருந்தது என்று இன்னொரு தரப்பு.

“சார், நீங்கதான் வருஷா வருஷம் பசங்களைக் கூட்டிட்டுப் போயி போட்டோ எடுப்பீங்களே. அதைப் பார்த்தா எடம் தெரிஞ்சிடுமே” என்றான் மாணவன்.

எனக்குப் பெருமைதான். இரும்புப் பெட்டியைத் திறந்தேன். 34 படங்கள். மண்டபத்தின் எதிரே பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். தூணில் இருக்கும் மீன், ஆமை, நாட்டியப் பெண். விதானத்தில் தாமரை. போதிகையின் அழகு. எல்லாம் சுத்தமான படங்கள்.

எல்லாம் அளவுக்கு மீறிய சுத்தம். ஒரு படத்திலும் மண்டபம் எங்கே இருந்தது என்பது இல்லை.

எனக்குக் காரணம் நன்றாகத் தெரியும். மண்டபத்தின் வலப்பக்கம் ஒரு பஞ்சர் கடை இருந்தது. இடப்பக்கம் மின்கம்பம், டீக்கடைக் கீற்றுக்கொட்டகை. “கரண்ட் கம்பம் விழாம எடுடா, பழைய கட்டடத்தோட அழகே கெட்டுப்போயிடும்” என்று மாணவர்களுக்குப் பாடம் வேறு சொல்லியிருக்கிறேன். கம்பத்தையும் கடையையும் வெட்டினேன். அவற்றோடு இடத்தையும் வெட்டியிருக்கிறேன். இது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

34-இல் ஒரே ஒரு படம் மட்டும் கொஞ்சம் பேசியது. ஒரு பையன் கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்த, நான் அன்று ‘வேஸ்ட்’ என்று ஒதுக்கிய படம். அதில் இரண்டு தூண்களுக்கு நடுவே தூரத்து மலையுச்சி தெரிகிறது. அதற்குச் சரியாக நேர்கீழே வயலில் நிற்கும் ஒரு பெரிய உருண்டைப் பாறை. உச்சியும் இருக்கிறது, பாறையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிய வேண்டுமானால், நாம் ஒரு குறிப்பிட்ட நேர்க்கோட்டில்தான் நிற்க முடியும். நாங்கள் போய் நின்று பார்த்தோம். கோடு கிடைத்துவிட்டது.

ஆனால் பழைய சாலை வளைந்து போனது. அந்த வளைவை எங்கள் கோடு இரண்டு இடத்தில் வெட்டுகிறது. ஒன்று புறம்போக்கு, இன்னொன்று பட்டா நிலம். இடையில் ஏறக்குறைய 150 அடி. பக்கவாட்டில் என்ன இருந்தது என்று இன்னொரு திசை தெரிந்திருந்தால் போதும், வழக்கு அன்றே முடிந்திருக்கும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அலமாரியில் கிடந்த மீன்கண் லென்ஸ் நினைவுக்கு வந்தது.

ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் தம்பி மகன் வாங்கி, இரண்டு மாதம் ஆசை தீர விளையாடிவிட்டு, “பெரியப்பா, நீங்க கோயில் கோயிலா சுத்துறீங்க, வெச்சுக்கோங்க” என்று கேமராவோடு தந்தது. முன்பக்கம் கண்ணாடி, முட்டை போலப் புடைத்துக்கொண்டிருக்கும். குவியத் தொலைவு 8 மி.மீ. படம் செவ்வகமாக வராது. கறுப்புத் தாளில் ஒரு வட்டமாக வரும். அந்த வட்டத்துக்குள் 180 பாகையும் அடக்கம். அதாவது உங்களுக்கு முன்னால் இருக்கும் பாதி உலகம்.

பெயர்க்காரணம் சொல்கிறேன். நம் பக்கத்துக் கிணறுகளில் குதித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மூழ்கி, கண்ணைத் திறந்து மேலே பார்த்தால் கிணற்றின் வாய், படி, கரையில் நிற்பவன், தென்னை மட்டை எல்லாம் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே இருட்டு. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைவதால் இப்படி. அடிவானத்திலிருந்து தரையோடு தரையாக வரும் ஒளிகூட, தண்ணீருக்குள் செங்குத்துக்கு ஏறக்குறைய 48.6 பாகைக்குள் வளைந்துவிடும். ஆகவே மேலே இருக்கும் 180 பாகை உலகம், மீனுக்குச் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் கிடைத்துவிடுகிறது.

இதைக் கேமராவாக்கிப் பார்த்தவர் அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். 1906-இல் தண்ணீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமராவால் படமெடுத்து, ‘மீன்கண் காட்சி’ என்ற பெயரையும் அவரே வைத்தார். 1920-களில் ராபின் ஹில் என்ற ஆங்கிலேயர், முழு வானத்தையும் ஒரே தட்டில் பிடிக்கும் லென்ஸை வடிவமைத்தார். மேகங்களைப் பதிவு செய்வதற்காக. உயிரியல் படித்தவர்கள் ‘ஹில் வினை’ என்று ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே ஹில்தான்! பிறகு 1962-இல் நிக்கான் நிறுவனம், சாதாரண 35 மி.மீ. கேமராவில் பொருத்தக்கூடிய மீன்கண் லென்ஸை வெளியிட்டது. அதன்பின் விளம்பரக்காரர், இசைத்தட்டு உறை போடுபவர் என்று பலர் கைக்கு வந்து, விளையாட்டுச் சாமான் என்று பெயர் வாங்கிவிட்டது.

மேகத்தைப் பிடிக்க வந்த கருவி என்பதை மறக்காதீர்கள். அது அடிப்படையில் அளவெடுக்கும் கருவி. சாதாரண லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகக் காட்டும். அதற்கு விலையாக ஓரங்களை இழுத்து நீட்டும். 180 பாகையை அப்படிக் காட்ட வேண்டுமானால் முடிவில்லாத அகலமுள்ள தாள் வேண்டும். மீன்கண் லென்ஸ் வேறு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. பெரும்பாலான வட்ட மீன்கண் லென்ஸ்களில், படத்தின் மையத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறதோ, அது அந்தப் பொருள் எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். கோடு வளையும், கோணம் கணக்கோடு இருக்கும்.

முதல் படம் எடுத்துக் காட்டினேன். பேரன் பார்த்துவிட்டு, “தாத்தா, கோயில் பலாப்பழம் மாதிரி இருக்கு” என்றான்.

என்னோடு வேலை பார்த்த ஓவிய ஆசிரியர் அதைவிடக் கடுமை. “தூணை நேரா நிறுத்த ஒரு சிற்பி தூக்குநூல் பிடிச்சு உசிரை விட்டிருப்பான். அதை வில்லா வளைச்சுக் காட்டுறீரே, இது பொய் இல்லையா?” என்றார்.

நியாயமான கேள்வி. நான் அவருக்கு என் பாடத்திலிருந்தே பதில் சொன்னேன். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் போடும்போது ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. அதற்காக அந்த வரைபடத்தைப் பொய் என்று கடலில் வீசவில்லை. திசை சரியாக இருந்ததால் மாலுமிகள் அதை வைத்தே கப்பல் ஓட்டினார்கள். எந்த வரைபடம் எதைக் காப்பாற்றுகிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்று தெரிந்தால் போதும். லென்ஸும் அப்படித்தான். என்னுடைய 34 படங்களில் தூண்கள் நேராகத்தான் நிற்கின்றன. ஆனால் அவை எங்கே நின்றன என்ற ஒரு கேள்விக்குப் பதில் இல்லையே? நேரான படமும் மறைக்கும்.

நம் ஊர்ப் பக்கத்தைப் படமெடுத்தவர்கள், வரைந்தவர்கள் வரலாற்றைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி வருகிறது.

1791 ஜூலையில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, கார்ன்வாலிஸின் படைகள் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தன. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய படை, பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையை எட்ட முடியாமல் திரும்பியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. பாரமகால் கம்பெனிக்குப் போனது. மை காயும் முன்பே, 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து இரண்டு ஓவியர்கள் புறப்பட்டார்கள். தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல். வேலூர் வழியாக ஏறி நம் மலைகளை எல்லாம் வரைந்தார்கள். ஒளியைத் துளை வழியாக இருட்டுப் பெட்டிக்குள் விழவைத்து, விழும் உருவத்தின் மேல் கோடு போடும் ‘கேமரா அப்ஸ்கூரா’ அவர்களிடம் இருந்தது. புகைப்படம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கம் லென்ஸ் வந்துவிட்டது!

பின்னால் லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 காட்சிகளில் ராயக்கோட்டையும் உண்டு, ஓசூரும் உண்டு. தலைப்பைக் கவனியுங்கள். ராயக்கோட்டைக்கு ‘பாரமகாலில்’ என்று போட்டார்கள், ஓசூருக்கு ‘மைசூரில்’ என்று போட்டார்கள். ஓசூர் அப்போது திப்புவிடம் திரும்பிப் போயிருந்தது; 1799-க்குப் பிறகுதான் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்று அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் வண்டிகள் நிற்கிற இடத்தில் இருக்கும் எல்லைக்கோடு, அன்று ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருந்தது. ஒரு படத்தின் அடியில் எழுதிய ஒற்றைச் சொல்லில் இத்தனை வரலாறு.

அடுத்து வந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். பழம்பொருட்கள் அழிவதற்கு முன் பதிந்துவிட வேண்டும் என்பதே அவர் வேலை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பி, ராயக்கோட்டை, சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை என்று 1858-இல் சுற்றி முடித்தார். அந்த ஆண்டே வெளியான அவருடைய படத்தொகுதிகளில் ஒன்றின் பெயர், ‘ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்’ என்ற பொருளில் இருக்கும். ஆமாம், ராயக்கோட்டை அப்போது சேலம் மாவட்டம். 1965-இல் தர்மபுரி ஆனது, 2004-இல் கிருஷ்ணகிரி ஆனது. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகடிவ். ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி விழ வேண்டும். நடக்கிறவர் பதியமாட்டார். வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் சில நெகடிவ்களில் மேகத்தை அவரே தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். படம் எடுப்பவன் எதையாவது சேர்க்கவோ விடவோ செய்துகொண்டே இருக்கிறான், பாருங்கள்.

ஆனால் அதே டிரைப் தஞ்சையில் செய்ததைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. ஒரு படத்தில் அடங்காது. அவர் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ‘அழகான பகுதி’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை விடவில்லை. சுற்றிலும் இருப்பது முழுவதும் வேண்டும் என்று நினைத்தார். மீன்கண் லென்ஸ் பிறக்காத காலத்தில் மீன்கண்ணின் வேலையைக் காலால் நடந்து செய்தவர் அவர். 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தச் சொன்னார். இல்லாவிட்டால் நம் பக்கத்துக்கு இன்னும் எத்தனை படங்கள் கிடைத்திருக்குமோ!

இனி என் பயணங்களுக்கு வருகிறேன். மாசி, பங்குனி இரண்டு மாதமும் வாரம் ஒரு நாள், டவுன் பஸ்ஸில்.

முதலில் ஓசூர் சந்திரசூடேசுவரர் மலை. முன்பெல்லாம் அங்கே நின்று கோபுரத்தை மட்டும் எடுப்பேன். இந்த முறை கோபுரத்துக்கு முன் நின்று மீன்கண்ணால் எடுத்தேன். கோபுரம் நடுவில் நேராக நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு வளையமாக ஊர் முழுவதும்: நெடுஞ்சாலை, அடுக்குமாடிகள், தொழிற்சாலைக் கூரைகள், கைப்பேசிக் கோபுரங்கள், ஓரத்தில் என் செருப்பு. செருப்பை மன்னியுங்கள், இந்த லென்ஸ் எடுப்பவனையும் விடாது. ‘ஹொச ஊரு’, கன்னடத்தில் புதிய ஊர். 1970-களில் சிப்காட் வந்தபின் மறுபடியும் புதிய ஊர் ஆனது. பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று பிரித்து எடுக்கும் நம் பழக்கத்துக்கு இந்த வட்டப் படம் இடம் தரவில்லை. ஓசூரில் இரண்டும் ஒட்டித்தானே இருக்கின்றன? வேலைக்குப் போகிற பையன் பைக்கை நிறுத்தி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போகிறான்.

அடுத்து ராயக்கோட்டை. தக்காளி வண்டிகளுக்கு நடுவே இறங்கி மலையேறினேன். மூச்சு வாங்கியது, மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போய், கேமராவை ஒரு கல்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து வானத்தைப் பார்த்து எடுத்தேன். இதுதான் ஹில் மேகத்துக்குச் செய்தது. வட்டத்தின் நடுவில் வானம். விளிம்பு முழுக்க அடிவானம்: கோட்டைச் சுவர், மலைகள், கணவாய், சமவெளி. அந்தப் படத்தைப் பார்த்ததும்தான் ஒன்று உறைத்தது. இவ்வளவு நாளும் ‘ராயக்கோட்டை முக்கியமான இடம்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஏன் முக்கியம் என்பது சுவரைப் பார்த்தால் தெரியாது, சுவரிலிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தால்தான் தெரியும். மைசூர் மேட்டுநிலமும் பாரமகால் தாழ்நிலமும் இரண்டும் அந்த ஒரே வட்டத்தில் இருக்கின்றன. கோட்டை என்பது சுவர் மட்டும் இல்லை நண்பர்களே, அது காவல் காக்கும் பார்வையும் சேர்ந்ததுதான்.

மூன்றாவது கிருஷ்ணகிரி பழையபேட்டை. சையத் பாஷா மலையடிவாரத்துத் தெருக்கள். ஒடுக்கமான தெருவில் சாதாரண லென்ஸால் ஒரு வீட்டின் முகப்பை முழுதாக எடுக்கவே முடியாது. பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டுத் திண்ணையில் முதுகு இடிக்கும். மீன்கண்ணில் தெருவின் நடுவில் நின்றால் இரு பக்கத் திண்ணைகளும், மரத்தூண்களும், ஓட்டுச் சரிவும், தெருமுனையில் மலையும் ஒன்றாக விழுகின்றன. ஒரு பாட்டி “எதுக்கய்யா எங்க ஊட்டைப் புடிக்கிற, இடிக்கப் போறாங்களா?” என்று பயந்து கேட்டார். “இல்லம்மா, இடிச்சாலும் இருந்த இடம் தெரியணும்னுதான்” என்றேன். அதற்குள் அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்.

என் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

மையத்தின் வழியாகப் போகும் கோடு வளையாது. எனவே எது முக்கியமோ, தூணோ கோபுரமோ, அதை நடுவில் வையுங்கள். கேமராவை மட்டமாகப் பிடித்தால் அடிவானம் நேராக இருக்கும். கொஞ்சம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அது வில்லாகிவிடும். விதானத் தாமரைகளை எடுக்க, அதன் நேர்கீழே கேமராவைத் தரையில் மல்லாக்க வையுங்கள்; எல்லாத் தூண்களும் மையத்தை நோக்கிக் குவியும், ஒன்றும் வளையாது. பொருள் தூரத்தில் இருந்தால் கடுகாகிவிடும், நெருங்கிப் போங்கள். புடைத்த கண்ணாடிக்கு மூடி போட மறக்காதீர்கள். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் படத்துக்குள் வந்துவிடும் என்பதால், மேகமூட்டமான நாளோ காலை நேரமோ நல்லது.

தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வேண்டும். கோயில்களில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். இந்த லென்ஸ் பக்கத்து வீட்டு முற்றத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஆகவே வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் இடத்திலும் மூன்று படம். ஒன்று, சாதாரண லென்ஸில் நேராக. சிற்பியின் தூக்குநூலுக்கு மரியாதை. என் ஓவிய ஆசிரிய நண்பரும் இதனால் சமாதானமாகிவிட்டார். இரண்டு, மீன்கண்ணில் முன்பக்கமாக, சுற்றுப்புறத்துக்கு. மூன்று, தரையில் வைத்து வானத்தைப் பார்த்து, இடத்துக்கு.

மூன்றாவது படம் ஏன் என்று கேட்பீர்கள். அப்படி மட்டமாக வைத்து எடுத்த வட்டத்தின் விளிம்பில் சுற்றிலும் இருக்கும் மலையுச்சிகள் தெரியும். மையத்திலிருந்து ஒவ்வோர் உச்சிக்கும் கோடு போட்டு, பாகைமானியால் கோணத்தை அளக்கலாம். தெரிந்த மூன்று உச்சிகளுக்கு இடையிலான கோணங்கள் கிடைத்தால், எடுத்தவன் எங்கே நின்றான் என்பதை வரைபடத்தில் குறித்துவிடலாம். 1802-இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரிய நில அளவையும், இப்படி மேடுகளுக்கு இடையில் கோணம் அளந்துதானே நாட்டையே அளந்தது? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று நிற்கும். இந்த வேலைக்கு இதைவிட வசதியான நாடு எங்கே கிடைக்கும்? ‘கைப்பேசியில் இடக்குறிப்பு தானாகப் பதியுமே சார்’ என்பீர்கள். பதியும். ஆனால் படம் நாலு பேருக்குக் கைமாறும்போது அந்தக் குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. மலையுச்சி உதிராது.

அது உதிர வேண்டுமானால் மலையையே உடைக்க வேண்டும். கல் குவாரிகளைப் பார்க்கும்போது அந்தப் பயமும் எனக்கு உண்டு. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

சரி, மண்டபம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

பேச்சு இன்னும் முடியவில்லை. பட்டா நிலத்துக்காரர் கெட்டவர் இல்லை. “வாத்தியாரே, படத்துல தெளிவா இருந்தா நானே வேலியைப் பிரிச்சுத் தரேன். இல்லாததை எப்படி ஒத்துக்குவேன்?” என்கிறார். அவர் கேட்பது சரிதான். சரியான கேள்விக்குக் கொடுக்கப் பதில் இல்லாமல் நின்றவன் நான்தான். 34 தடவை அங்கே கேமராவோடு நின்றிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பஞ்சர் கடையைச் சேர்த்து எடுத்திருந்தால் போதும். கடைக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார், கடை இருந்த மனை எது என்று எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் மாணவனோடு ஏரிக்கரைக்குப் போய், கிடக்கும் தூண்களை எண்ணினோம். ஏழு. ஒவ்வொன்றையும் மூன்று விதமாகவும் எடுத்தேன். அழுக்கு, பிளாஸ்டிக், மேயும் ஆடு, தூரத்துத் தொழிற்சாலைச் சுவர் எதையும் விலக்கவில்லை. அச்சுப் போட்டு, பின்னால் தேதி, இடம், எந்தப் பக்கம் எந்த மலை என்று பென்சிலால் எழுதி, ஊரில் ஒரு பிரதி, பட்டா நிலத்துக்காரரிடம் ஒரு பிரதி, என் பெட்டியில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். இனிமேல் இந்த ஏழு தூண்கள் எங்கே கிடந்தன என்று யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

1990-களில் என்னிடம் படித்து, அந்த மண்டபத்துக்கு என்னோடு நடந்து வந்த பிள்ளைகளே! உங்களில் யாரிடமாவது அன்று எடுத்த படம் இருக்கலாம். மங்கலாக, சாய்ந்து, விரல் மறைத்து, மின்கம்பமும் டீக்கடையும் விழுந்து, நான் திட்டிய படம். அதைத் தேடி அனுப்புங்கள். நல்ல படங்கள் என்னிடமே இருக்கின்றன. எனக்கு வேண்டியது அந்தக் கெட்ட படம்.

அன்று திட்டியதற்கு இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.